மேடைக்கு முந்தைய மாதங்கள்

(ஈப்போவில் ஆற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய எழுத்து வடிவம். கேள்வி பதில் பகுதி சேர்க்கப்படவில்லை.)



ஈப்போவில் ஆண்டிறுதியில் ஒரு பெரிய கலை, பண்பாட்டு விழா நடத்தலாமா என்பதைப் பற்றிப் பேசும்படி அமைப்பாளர்கள் கேட்டுக்கொண்டார்கள். இந்தப் பேச்சு எழும்போதெல்லாம் நம்மவர்கள் பினாங்கைக் காட்டுவார்கள். ஜார்ஜ் டவுன் 2008இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. 2010இல் ஜார்ஜ் டவுன் விழா தொடங்கியது. பழைய தெருக்களும் கடைவீடுகளும் மேடையாயின. ஈப்போவுக்கு மட்டும் என்ன குறை என்று கேட்பார்கள். பழைய நகரம் இருக்கிறது. கட்டடக் கலைஞர் ஹப்பக் வடிவமைத்த ரயில் நிலையம் இருக்கிறது. சுவரோவியம் பார்க்கவும் வெள்ளைக் காப்பி குடிக்கவும் வார இறுதிகளில் கூட்டம் வருகிறது. ஒரு மேடையைப் போட்டால் போதாதா?

போதாது என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன். ஒரு கலைவிழா நிலைக்குமா என்பதை அது நடக்கும் மூன்று நாளோ பத்து நாளோ முடிவு செய்வதில்லை. அதற்கு முந்தைய மாதங்களில் யாருக்கு ஒத்திகை பார்க்க நேரமும் இடமும் கிடைக்கின்றன என்பதே முடிவு செய்கிறது. பேராக்கின் தோட்டங்களில் அந்த நேரமும் இடமும் ஒரு காலத்தில் இருந்தன. தோட்டங்கள் கலைந்தபோது நாம் இழந்தவற்றுள் அதிகம் பேசப்படாத இழப்பு அது. இந்த ஒரு கருத்தை ஆறு பகுதிகளாகச் சொல்கிறேன். எல்லாம் ஒரே நீளத்தில் இரா, பொறுத்துக்கொள்ளுங்கள்.

1. இரண்டு சுரங்க நகரங்கள்

ஈப்போவோடு வைத்துப் பார்க்கத்தக்க நகரம் ஒன்று மெக்சிக்கோவில் இருக்கிறது. பெயர் குவானஹுவாதோ. கிந்தாப் பள்ளத்தாக்கை ஈயம் வளர்த்தது. அந்த நகரத்தை வெள்ளி வளர்த்தது. 18ஆம் நூற்றாண்டில் உலகிலேயே மிகுதியாக வெள்ளி எடுத்த இடங்களுள் அதுவும் ஒன்று. சுரங்கச் செல்வம் வற்றிய பிறகு, மாளிகைகளும் தேவாலயங்களும் குறுகிய சந்துகளும் மிஞ்சின. இன்று அந்த ஊரை உலகம் அறிவது அக்டோபர் தோறும் நடக்கும் செர்வாந்தினோ கலைவிழாவால். 1985இல் ஈய விலை சரிந்ததைக் கண்ணால் கண்ட ஈப்போக்காரருக்கு இந்தக் கதை இனிக்கத்தான் செய்யும்.

திட்டம் தீட்டுகிறவர்கள் அந்தப் பன்னாட்டு விழா தொடங்கிய 1972ஆம் ஆண்டைக் குறித்துக்கொள்கிறார்கள். நான் குறித்துக்கொள்ளச் சொல்வது 1953ஐ. அந்த ஆண்டு என்ரிக்கே ருவெலாஸ் என்ற பல்கலைக்கழக ஆசிரியர், செர்வாந்தஸ் எழுதிய சிறு நகைச்சுவை நாடகங்களைச் சான் ரோக்கே என்ற சிறு சதுக்கத்தில் மேடையேற்றினார். நடித்தவர்கள் மாணவர்களும் ஊர்க்காரர்களும். அந்த நாடகங்கள் ஆண்டுக்காண்டு தொடர்ந்தன. பத்தொன்பது ஆண்டு ஒத்திகைக்குப் பிறகுதான் அரசு வந்தது, அயல்நாட்டுக் குழுக்கள் வந்தன, விழா வந்தது. அரசு வந்தபோது, வேடம் கட்டத் தெரிந்த ஊர் ஒன்று அங்கே ஏற்கெனவே தயாராக இருந்தது.

அதே நாட்டில் ஒஹாகா நகரத்தில் டிசம்பர் 23ஆம் தேதி முள்ளங்கி இரவு என்றொரு விழா, 1897 முதல். மாதக்கணக்கில் மண்ணிலேயே விட்டு அளவுக்கு மீறிப் பெருக்கவைத்த முள்ளங்கியில் ஆளும் தேரும் செதுக்கி வைப்பார்கள். சில மணி நேரத்தில் வாடிவிடும். பார்ப்பதற்கு ஒரு மாலைதான், ஆனால் விதை போட்ட நாளிலேயே விழா தொடங்கிவிடுகிறது.

2. தோட்டத்தின் நேரக்கணக்கு

இனி நம் ஊருக்கு வருவோம். 1877இல் இந்த மாநிலத்தின் கோலக்கங்சாரில் பிரிட்டிஷ் ரெசிடென்ட் ஹியூ லோ ரப்பர்க் கன்றுகளை நட்டார். அடுத்த முப்பது நாற்பது ஆண்டுகளில் பேராக்கின் காடுகள் பால்மரக் காடுகளாயின. நம் பாட்டன் பூட்டன்கள் கப்பலேறி வந்தார்கள். அந்தத் துயரக் கதை உங்களுக்குத் தெரியும். நான் அதிலிருந்து ஒரே ஓர் இழையை மட்டும் உருவி எடுக்கிறேன்: நேரம்.

விடியுமுன் பெரட்டு. கிராணி பெயர் கூப்பிட, மண்டோர் நிரை பிரித்துக் கொடுக்க, இருட்டிலேயே நெற்றி விளக்கோடு காட்டுக்குள் போக வேண்டும். வெயில் ஏறினால் பால் சீக்கிரம் உறைந்துவிடும் என்பதால் வெட்டு காலையிலேயே முடியும். பிறகு மங்கு மங்காகப் பால் எடுத்து, ஸ்டோரில் நிறுத்துக் கொடுத்து, மதியம் போல லயத்துக்குத் திரும்புவார்கள். ஏறக்குறைய முழுத் தோட்டமும் ஒரே நேரத்தில் எழுந்தது, ஒரே நேரத்தில் ஓய்ந்தது. வீடுகளோ ஒட்டி ஒட்டிக் கட்டிய லயங்கள். ஒரு கோடியில் தப்பு அடித்தால் மறு கோடியில் கேட்கும். கோயில் அருகில், திடல் அருகில், பள்ளிக்கூடம் அருகில்.

ஒரு கூத்துக்கோ நாடகத்துக்கோ வேண்டியது என்ன என்று எண்ணிப் பாருங்கள். பதினைந்து இருபது பேருக்கு ஒரே நேரத்தில் ஓய்வு. நடந்து போகும் தூரத்தில் ஓர் இடம். சத்தம் போட்டால் சண்டைக்கு வராத அக்கம்பக்கம். பாட்டும் அடவும் தெரிந்த ஒரு வாத்தியார். நான்கையும் தோட்டம் தந்தது. கலை வளர வேண்டும் என்று எந்தக் கம்பெனியும் இவற்றைத் தரவில்லை. ஆள்களைப் பிடித்துவைக்கவும் வேலை வாங்கவும் வகுத்த ஏற்பாட்டில் தற்செயலாக விளைந்தவை இவை.

தோட்டத்து மாரியம்மன் திருவிழா ஆண்டுக்கு ஒரு தடவை. வெளியார் கண்ணில் பட்டவை தீமிதியும் கரகமும் மறுநாள் நாடகமும் மட்டுமே. உள்ளே அது பல மாத வேலை. குடும்பத்துக்கு இவ்வளவு என்று வரி போட வேண்டும். வேடத்துக்கு ஆள் பார்க்க வேண்டும். பெண் வேடம் போட யார் ஒப்புவார் என்று தேட வேண்டும். வசனம் படிக்கத் தெரியாதவருக்குப் பள்ளி வாத்தியார் ஒவ்வோர் இரவும் சொல்லிக் கொடுக்க வேண்டும். காமன் கூத்து இதற்குத் தெளிவான சான்று. மலாயாத் தோட்டங்களிலும் ஆடிய அந்தக் கூத்தை இன்றும் உயிரோடு காண இலங்கை மலையகத்துக்குப் போகலாம். மாசி அமாவாசையை அடுத்துக் காமன் கம்பம் ஊன்றுவார்கள். பௌர்ணமியை ஒட்டிக் காமனை எரிப்பார்கள். இடைப்பட்ட இரவுகளில் ரதியும் மன்மதனுமாக வேடமிட்டவர்கள் விரதமிருந்து ஆடுவார்கள். அங்கே ஒத்திகை எது, விழா எது என்று கோடு கிழிக்க முடியாது. சின்னப் பையன்கள் அந்த இரவுகளைப் பார்த்தே கற்றார்கள். தனியே வகுப்பு வைத்து யாரும் கற்பிக்கவில்லை.

இதைச் சொல்லும்போது தோட்டத்துக்காக ஏங்குவதாக எண்ண வேண்டாம். கூத்துக்கும் துரையின் அனுமதி வேண்டும். மின்சாரத்துக்கும் லாரிக்கும் அவர் தயவு வேண்டும். முதல் மாலை அவருக்கு. பத்து காஜா அருகே கெல்லி மாளிகைக்குப் போகிறவர்கள் பக்கத்திலுள்ள மாரியம்மன் கோயிலையும் பார்த்துவிட்டு வாருங்கள். தொழிலாளர்கள் நோயில் மடிந்தபோது அவர்கள் கேட்டதற்கிணங்க அந்த மாளிகையின் சொந்தக்காரர் வில்லியம் கெல்லி ஸ்மித் கட்டிக்கொடுத்தது என்பார்கள். கூரைமேல் தெய்வ உருவங்களோடு வரிசையில் வெள்ளைக்கார உடையில் அவரும் நிற்கிறார். கலைக்குப் புரவலர் யார் என்பதைத் தோட்டத்தில் எவரும் மறந்துவிட முடியாது என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை. அந்த ஏற்பாடு ஒழிந்தது நல்லது. அது தந்த மாலை நேரத்துக்கு மாற்று தேடாமல் விட்டோமே, குறை அங்கேதான்.

3. போட்டி என்ற கருவி

1948 ஜூன் 16ஆம் தேதி சுங்கை சிப்புட் தோட்டங்களில் மூன்று துரைமார் சுடப்பட்டார்கள், அவசரகாலம் பிறந்தது. அது 1960 வரை நீடித்தது. முள்வேலி, சோதனை, இரவு ஊரடங்கு. ஊரடங்குள்ள இடத்தில் விடிய விடியக் கூத்தாட முடியாது. தோட்டக் கூத்தின் முதல் சரிவு அங்கே தொடங்கியது என்பது என் ஊகம்.

அந்த நெருக்கடிக்கு நடுவில்தான், 1952இல், 'தமிழ் முரசு' ஆசிரியர் கோ. சாரங்கபாணி சிங்கப்பூரிலும் மலாயாவிலும் தமிழர் திருநாளைத் தொடங்கினார். சமயமும் சாதியும் பார்க்காமல் பொங்கலை ஒட்டித் தமிழர் எல்லாரும் கூட வேண்டும் என்பது நோக்கம். அந்த நோக்கத்தைப் பற்றி நிறையப் பேசிவிட்டோம். அவர் கையாண்ட கருவியைப் பற்றிக் குறைவாகவே பேசியிருக்கிறோம். அது போட்டி. கட்டுரை, பேச்சு, பாட்டு, நாடகம் என்று போட்டி அறிவித்தால், நாள் குறித்தால், அந்த நாளுக்குள் யாரோ ஓரிடத்தில் கூடிப் பயிற்சி எடுத்தாக வேண்டும். தை மாதத்து மேடைக்காக ஆண்டிறுதி மாதங்களில் தோட்டப் பள்ளிகளிலும் மன்றங்களிலும் விளக்கெரிந்தது. இந்த நாட்டின் தமிழ் எழுத்தாளர், பேச்சாளர், நாடகக்காரர் பலரை உருவாக்கியது அந்த மாலைப் பயிற்சிதான். பரிசுக் கோப்பைக்கு அதில் இரண்டாம் இடமே.

இன்றைய போட்டிகளைப் பாருங்கள். பெரும்பாலும் பள்ளி மாணவருக்கு மட்டும். மூத்தோருக்கு மேடையில் வேலை விளக்கேற்றுவது, மாலை வாங்குவது. இந்தப் பழக்கம் எனக்குப் பிடிக்கவில்லை என்பதை மரியாதையோடு பதிவு செய்கிறேன்.

4. கலைந்ததும் கலையாததும்

1950களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றன; வாங்கியவர்கள் துண்டு போட்டு விற்றார்கள். வேலையும் வீடும் ஒன்றாகப் போயின. சுங்கை சிப்புட்டில் பிறந்த வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர் சேமிப்பைத் திரட்டித் தோட்டங்களை வாங்கியது இதைத் தடுக்கத்தான். 1969க்குப் பிறகு வேலை அனுமதி கிடைக்காத, குடியுரிமையற்ற சிவப்பு அட்டைக்காரர்கள் ஆயிரக்கணக்கில் தமிழகத்துக்குக் கப்பலேறினார்கள். கூத்து தெரிந்த வாத்தியார்கள் எத்தனை பேர் 'ரஜுலா' கப்பலில் போனார்களோ, கணக்கு எடுத்தவர் இல்லை. பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது; 1980களிலும் 1990களிலும் தோட்டங்கள் வீடமைப்புத் தமான்களாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறின. மக்கள் புந்தோங்குக்கும் மெங்லெம்புவுக்கும் சிலிபினுக்கும் வந்தார்கள்.

தொலைக்காட்சி வந்தது, சினிமா வந்தது, பிள்ளைகளுக்கு ஆர்வம் போயிற்று என்று நாம் வழக்கமாகச் சொல்கிறோம். இதை நான் முழுதாக ஏற்கவில்லை. சினிமா தோட்டத்துக்குள்ளேயே வந்துவிட்டது. திடலில் வெண்திரை கட்டிப் படம் காட்டிய காலத்தில்தான் தோட்ட நாடகமும் செழித்தது. சினிமா வசனத்தைப் பார்த்தே நாடகம் போட்டார்கள். என் பார்வையில் கூத்தை முறித்தது தொழிற்சாலையின் ஷிஃப்ட். அண்ணன் காலை ஷிஃப்ட், தம்பி இரவு ஷிஃப்ட், பக்கத்து வீட்டுக்காரர் சிங்கப்பூரில் வேலை. பதினைந்து பேரை ஒரே மாலையில் கூட்ட யாராலும் முடியவில்லை. கூட்டினாலும் சேரும் இடம் இல்லை. மாடிவீட்டின் கீழே தப்பு அடித்தால் போலீசுக்குத் தொலைபேசி போகும்.

என் கருத்துக்குப் பெரிய சான்று உறுமி மேளம். தோட்டங்கள் கலைந்த பிறகு தேய்வதற்குப் பதில் வளர்ந்த கலை அது. தைப்பூசத்தன்று புந்தோங், சுங்கை பாரி மாரியம்மன் கோயிலிலிருந்து குனோங் சிரோ கல்லுமலை முருகன் கோயில் வரை காவடிகளுக்கு முன்னால் அடித்துக்கொண்டு போகும் குழுக்களைப் பாருங்கள். பெரும்பாலோர் இருபது வயதுக்காரர்கள். தோட்டத்தைக் கண்ணால் பார்க்காத தலைமுறை. ஆர்வம் போய்விட்டது என்றால் இவர்கள் யார்? உறுமிக் குழுவுக்குப் பத்துப் பேர் போதும். கோயில் வளாகத்தில் இரவு எந்நேரமும் கூடலாம். திருவிழா, கல்யாணம், சாவு என்று ஆண்டு முழுக்க அழைப்பு வருவதால் ஒத்திகை தானாகவே நடக்கிறது. கையில் நாலு வெள்ளியும் கிடைக்கிறது. பாட்டு சரியில்லை, சினிமா மெட்டு கலக்கிறது என்று ஆலய நிர்வாகங்கள் கடிந்துகொள்கின்றன. அதில் நியாயம் உண்டு. ஆனால் திட்டுகிற நாம் அவர்களுக்குப் பழைய பாட்டைச் சொல்லிக்கொடுக்க ஒரு வாத்தியாரை அனுப்பினோமா?

5. சென்னையிலிருந்து எதைக் கொண்டுவரலாம்

ஆண்டிறுதிக் கலைவிழா என்றதும் தமிழருக்கு நினைவு வருவது சென்னையின் மார்கழி. 1927 டிசம்பரில் சென்னையில் காங்கிரஸ் மாநாடு கூடியது. அதையொட்டி ஓர் இசை மாநாடு நடந்தது. அதன் விளைவாக 1928இல் மியூசிக் அகாடமி பிறந்தது. டிசம்பர் இசைவிழா அங்கிருந்து பெருகியது. 2017இல் யுனெஸ்கோ சென்னையை இசைக்கான படைப்பு நகரங்களுள் ஒன்றாக அறிவித்தது. சபாக்களின் உள்ளரசியல் இங்கே நமக்கு வேண்டாம். அந்தப் பருவத்தைத் தாங்குவது மயிலாப்பூரிலும் மாம்பலத்திலும் ஆண்டு முழுக்க நடக்கும் பாட்டு வகுப்புகள். காலைக் கச்சேரியில் மேடையேறும் பிள்ளை ஐந்து வயதிலிருந்து பாடம் கேட்டது. கேட்க உட்கார்ந்திருப்பவர்களில் பலரும் பாடம் கேட்டவர்கள்தாம்.

பொங்கலை ஒட்டி நடக்கும் 'சென்னை சங்கமம்' வேறு வகை. 2007இல் தொடங்கி, இடையில் நின்று, 2023இல் தமிழக அரசால் மீண்டும் தொடங்கப்பட்டது. கிராமக் கலைஞர்களைத் தலைநகரின் பூங்காக்களுக்கும் கடற்கரைக்கும் அழைத்து வருகிறார்கள். பறையும் கரகமும் பொய்க்கால் குதிரையும் நகரத்தார் கண்முன்னே வருகின்றன. இதைத்தான் ஈப்போவில் அப்படியே செய்யலாம் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். சிக்கல் ஒன்று உண்டு. சென்னை அழைத்து வருகிற கலைஞர்களுக்குத் திரும்பிப் போக ஊர் இருக்கிறது, அங்கே ஆடித் திருவிழாவும் பங்குனித் திருவிழாவும் இருக்கின்றன. அவை அவர்களைப் பயிற்சியில் வைத்திருக்கின்றன. ஈப்போ யாரை, எந்தத் தோட்டத்திலிருந்து அழைக்கும்? தமிழகத்திலிருந்து விமானத்தில் குழுக்களை வரவழைத்தால் மேடை நிறையும். மறுநாள் அவர்கள் போன பிறகு இங்கே என்ன மிஞ்சும்?

6. ஈப்போ செய்யக்கூடியவை

இதுவரை சொன்னது நோய். மருந்து என்ன என்று கேட்பீர்கள். எனக்குத் தெரிந்தவரை சொல்கிறேன்.

இடம் நம்மிடம் இருக்கிறது. நாட்டின் 520க்கு மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகளில் 130க்கு மேல் பேராக்கில்தான். வேறெந்த மாநிலத்திலும் இத்தனை இல்லை. பல பள்ளிகள் 150க்கும் குறைவான மாணவரோடு, தோட்டம் போன பின்னும் தோட்டப் பெயரோடு நிற்கின்றன. பிற்பகலுக்குப் பிறகு அவற்றின் வாசல் பூட்டியே கிடக்கிறது. மாணவர் குறைகிறார்கள், பள்ளியை மூடிவிடுவார்களோ என்று அஞ்சுகிறோம். மாலையில் ஊரார் கூடும் பள்ளியை மூடுவது அத்தனை எளிதல்ல. பள்ளி வாரியங்களும் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களும் கல்வி இலாகாவின் அனுமதியோடு வாரத்தில் இரண்டு மாலை திறந்துவிட்டால் தோட்டத் திடல் பாதி திரும்பிவிடும். கோயில் மண்டபங்களும் அப்படியே. கல்யாணம் இல்லாத நாள்களில் அவை சும்மாதானே கிடக்கின்றன.

நேரம் கடினமானது. ஷிஃப்ட்டில் இருப்பவர்களை ஞாயிற்றுக்கிழமை வாருங்கள் என்று அழைத்துப் பயனில்லை. ஞாயிறும் அவர்களுக்கு வேலை. ஒரே பாடத்தைக் காலையில் ஒரு முறை, இரவில் ஒரு முறை நடத்த வேண்டும். ஒரு வேடத்துக்கு இருவரைத் தயார் செய்ய வேண்டும். செலவு கூடும். அதனால்தான் விழா நிதியில் பாதியை ஒத்திகைக்கு ஒதுக்க வேண்டும் என்கிறேன். விளக்கு, ஒலிபெருக்கி, பிரமுகர் சாப்பாடு எல்லாம் மறுபாதியில் அடங்கட்டும். வாத்தியாருக்குச் சம்பளம் அந்த முதல் பாதியில் வர வேண்டும். சால்வையைச் சம்பளமாகக் கணக்கு வைக்கக் கூடாது. கூத்தும் கும்மியும் மனப்பாடமாகத் தெரிந்தவர்கள் இன்று எழுபதைத் தாண்டியவர்கள். அவர்களை உறுமிக் குழுக்களோடு சேர்த்துவிடுங்கள். தாளம் தெரிந்த இளைஞர்கள் அங்கே ஏற்கெனவே இருக்கிறார்கள்.

நகரத்தின் மற்றவர்களையும் மறக்க வேண்டாம். கான்டனீஸ் நாடகத்துக்கும் மலாய் பங்சாவானுக்கும் நம்முடையதைப் போன்ற கதைதான். ஒத்திகைக்கூடம் ஒன்று கேட்டு மூவரும் சேர்ந்து மாநகர் மன்றத்துக்கு எழுதினால் அந்தக் கடிதத்துக்குக் கனம் அதிகம்.

விழா எங்கே நடக்கும் என்பதிலும் ஒரு சொல். சுவரோவியத் தெருக்களில் மட்டும் நடத்தினால் அது பயணிகளுக்கான விழா. புந்தோங்கில் ஒரு மேடையாவது வேண்டும். கச்சான் பூத்தே வறுக்கிற வீடுகளிலிருந்து செருப்புப் போட்டபடி வந்து பார்த்துவிட்டுப் போகிற தூரத்தில். ஆண்டிறுதியில் ஈப்போவின் மாலை மழையை நீங்கள் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. கூரையுள்ள இடமாகப் பாருங்கள்.

கடைசியாக, அமைப்பாளர்களுக்கும் இங்கே வந்திருக்கும் ஆலய, பள்ளி நிர்வாகத்தாருக்கும் ஒரு வேண்டுகோள். முதலாண்டு விழாவே வேண்டாம். தேதி அறிவிக்காதீர்கள், அமைச்சரை அழைக்காதீர்கள், பதாகை அடிக்காதீர்கள். ஆகஸ்ட் தொடங்கி டிசம்பர் வரை நான்கு பள்ளிகளில், இரண்டு கோயில் மண்டபங்களில் ஒத்திகையை மட்டும் நடத்துங்கள்; கதவைத் திறந்து வையுங்கள், பார்க்க விரும்புகிறவர்கள் வந்து பார்க்கட்டும். அடுத்த ஆண்டு மேடை வேண்டுமா என்பதை அங்கே ஆடியவர்களிடம் கேளுங்கள். இந்த அரங்கில் பள்ளிச் சாவியோ மண்டபச் சாவியோ கையில் வைத்திருப்பவர்கள் பலர் இருக்கிறீர்கள். இன்று வீட்டுக்குப் போகுமுன் அமைப்பாளர்களிடம் உங்கள் பெயரைக் கொடுத்துவிட்டுப் போங்கள்.